பெற்றோலின் விலையும் இயந்திரத்தின் தேவையும்

ஒரு பண்டத்தின் விலை உயர்ந்திருப்பின் அதன் குணமும் உயர்ந்திருத்தல் வேண்டுமென எண்ணுதல் மக்கள் இயல்பு. நெல்லிலும் துணியிலும் மரத்திலும் இவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தி வருதலின், ஏனைய பொருள்களிலும் அவ்வாறே பொருந்துமென நாம் ஆராயாது கொள்கின்றோம். பெற்றோல் நிரப்பு நிலையத்தில் 92 என்றும் 95 என்றும் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருப்பதையும், பின்னையதற்கு விலை கூடுதலாக இருப்பதையும் காணும் ஒருவர், பின்னையதே சிறந்ததென்று முடிவு செய்தல் இவ்வியல்பின் பாற்பட்டதே. அம்முடிபு சரியானதா? விலை குறைந்த பெற்றோல் வண்டிக்குத் தீங்கு செய்யுமா? ஒரு நிறுவனத்தின் பெற்றோல் மற்றொரு நிறுவனத்தின் பெற்றோலினும் மேலானதா? இம்மூன்று வினாக்களையும் முறையே ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி கார் வைத்திருக்கும் செல்வர்க்கு மாத்திரம் உரியதன்று. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலுள்ள மண்டூர் முதலிய ஊர்களில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளாகக் கருதப்படுவதில்லை. வயலுக்குச் செல்லவும், பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கவும், துறை கடந்து குருமண்வெளிப் பக்கம் போய்க் களுவாஞ்சிகுடி வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டேகவும் அதுவே துணை. முச்சக்கர வண்டி பல குடும்பங்களுக்குச் சீவனோபாயம். இத்தகையோர் ஒரு லீற்றருக்கு வீணே கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவும் அடுப்பிலிருந்து எடுத்த ரூபாவே. அதுபோலவே, மலிவென்று கருதி வாங்கிய கலப்படப் பெற்றோலால் இயந்திரம் பழுதுபடின், அதனைத் திருத்துஞ் செலவும் அவ்வடுப்பிலிருந்தே எடுக்கப்படும். ஆகவே உண்மையை அறிதல் இரு வகையிலும் பயன் தருவதாகும்.

முதற்கண் பெற்றோல் என்பது யாது என்பதை நோக்குவோம். அது தனிப்பொருளன்று, நிலத்தடியிலிருந்து பெறப்படும் மசகெண்ணெயைக் காய்ச்சி வடித்தும், வேறு முறைகளால் மாற்றியும் பெறப்படும் பல ஐதரோகாபன்களின் கலவை. இவற்றின் மூலக்கூறுகள் ஏறக்குறைய நான்கு முதற் பன்னிரண்டு வரையிலான காபன் அணுக்களைக் கொண்டவை. இவ்வணுக்கள் சில மூலக்கூறுகளில் நேர்ச் சங்கிலியாகவும், சிலவற்றிற் கிளைவிட்டும், சிலவற்றில் வளையமாகவும் அமைந்திருக்கும். எரியும்போது இவையனைத்தும் வெப்பந் தருவன. ஆயின் எரியத் தொடங்கும் இயல்பில் இவை தம்முள் வேறுபடுவன. நேர்ச் சங்கிலிகள் நெருக்கத்தாலும் வெப்பத்தாலும் எளிதிற் குலைந்து தாமே தீப்பற்றும். கிளைவிட்டவை அவ்வளவு எளிதிற் பற்றா. ஒக்டேன் எண் பற்றிய கதை முழுவதும் இவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது.

இனி, இயந்திரத்தினுள் நிகழ்வதைக் காண்போம். பெற்றோலாவியும் காற்றுங் கலந்த கலவை சிலிண்டரினுள்ளே புகுகின்றது. பிஸ்டன் மேலெழுந்து அதனை நெருக்குகின்றது. பத்துப் பங்கு இடத்தில் இருந்த கலவை ஒரு பங்கு இடத்துள் அடக்கப்படின், அவ்வியந்திரத்தின் நெருக்கல் விகிதம் பத்துக்கு ஒன்று எனப்படும். நெருக்குண்ட வாயு சூடாகுமென்பது சைக்கிளுக்குக் காற்றடிப்போர் யாவரும் கையால் உணர்ந்தது. நெருக்கல் முடியுந் தறுவாயிற் பிளக் பொறியொன்றை எழுப்ப, அவ்விடத்திலிருந்து தீ பரவிக் கலவை முழுவதையும் எரித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. நெருக்கல் விகிதம் உயர உயர, அதே அளவு பெற்றோலிலிருந்து கூடிய வேலையைப் பெறலாம். ஆதலால் அவ்விகிதத்தை உயர்த்துதல் இயந்திர வல்லுநரின் நீண்டநாள் நோக்கமாயிற்று.

அவர்கட்குக் குறுக்கே நின்ற தடை ஒன்றுண்டு. அறுவடை முடிந்த வயலில் வைக்கோலுக்கு ஒரு மூலையில் தீயிட்டால், அது வரிசையாகப் பரந்து மறுமூலையை அடையும். அதனை அடக்கி நடத்தலாம். தீ வந்து சேருமுன்னரே மறுமூலையிற் கிடந்த வைக்கோல் அனைத்தும் வெம்மையால் ஒரே கணத்திற் பற்றிக்கொள்ளுமாயின் நிலைமை யாதாகும்? சிலிண்டரினுள்ளும் அவ்வாறு நிகழ்தல் உண்டு. பொறியிலிருந்து பரவுந் தீ கடைசிப் பகுதியை அடையுமுன், அப்பகுதியிலுள்ள கலவை மேன்மேலும் நெருக்குண்டு சூடேறித் தானே வெடித்து விடுகின்றது. அவ்வெடிப்பின் அமுக்க அலைகள் சிலிண்டர்ச் சுவரிலும் பிஸ்டனின் தலையிலும் மோதுதலால், சிறு சுத்தியலால் உலோகத்தைத் தட்டுவது போன்ற ஒலி எழும். மெக்கானிக்குமார் ‘எஞ்சின் தட்டுகிறது’ என்பது இதனையே. இத்தட்டல் இலேசாயும் அரிதாயும் இருப்பின் பெருந்தீங்கில்லை. இடைவிடாது வன்மையாகத் தட்டின் பிஸ்டனே துளைபடுதலும் உண்டு.

எப்பெற்றோல் எவ்வளவு நெருக்கத்தைத் தாங்கும் என்பதை அளத்தற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் ஹரி ரிக்கார்டோ என்பார், நெருக்கல் விகிதத்தை மாற்றத்தக்க சோதனை இயந்திரமொன்றை அமைத்து இத்துறையில் முன்னோடியாக விளங்கினார். அமெரிக்காவிற் கிரகாம் எட்கார் என்னும் இரசாயன வல்லுநர் 1926ஆம் ஆண்டையொட்டி இரண்டு தூய பொருள்களைத் தேர்ந்தெடுத்தார். எளிதில் தட்டலை உண்டாக்கும் நேர்ச் சங்கிலி எப்டேனுக்குப் பூச்சியமும், கிளைவிட்ட சமவொக்டேனுக்கு நூறும் எண்களாக வழங்கப்பட்டன. சோதிக்க வேண்டிய பெற்றோல், நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு சமவொக்டேனும் எட்டுப் பங்கு எப்டேனுங் கலந்த கலவை தட்டும் அளவிலேயே தட்டுமாயின், அதன் ஒக்டேன் எண் 92 ஆகும். அப்பெற்றோலில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு ஒக்டேன் இருக்கின்றதென்பது இதன் பொருளன்று. அவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதே பொருள்.

ஈண்டு ஒரு செய்தி மனத்திற் பதிதல் வேண்டும். ஒக்டேன் எண் அளப்பது பெற்றோலின் வலிமையையன்று, அதன் பொறுமையை. 92 எண்ணுடைய லீற்றரும் 95 எண்ணுடைய லீற்றரும் எரியும்போது தரும் வெப்பத்திற் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. பின்னையது கூடுதலான நெருக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும் என்பதொன்றே அவ்வெண் கூறுஞ் செய்தி. பத்து மூடை தாங்கத்தக்க வண்டிலில் நான்கு மூடையை ஏற்றியமையால், அந்நான்கு மூடையும் விரைந்து ஊர் சேரா. அதுபோலவே, இயந்திரம் கேளாத பொறுமையைப் பெற்றோலிற் கூட்டுதலால் வேகமுங் கூடாது, தூரமுங் கூடாது.

உயர்ந்த ஒக்டேனால் வரும் பயன் இயந்திரத்தின் அமைப்பு வழியாகவே வரும் என்பதற்கு வரலாறு சான்று பகரும். 1940ஆம் ஆண்டிலே பிரித்தானிய விமானப் படையின் போர் விமானங்கள் 100 ஒக்டேன் பெற்றோலைப் பயன்படுத்தின. அவற்றின் மேர்லின் இயந்திரங்கள் அதனாற் பெற்ற ஆற்றல் மிகுதி பேசப்படுவதொன்று. ஆயின் அவ்வாற்றல் பெற்றோலிற் கரைந்து வந்ததன்று. தட்டலுக்கு அஞ்சாமற் சிலிண்டருள் கூடிய அமுக்கத்திற் காற்றைச் செலுத்துமாறு இயந்திரங்கள் மாற்றியமைக்கப்பட்டமையால் வந்தது. அம்மாற்றம் செய்யாத இயந்திரத்துக்கு அதே பெற்றோலை ஊற்றியிருந்தால் ஒரு பயனும் விளைந்திராது.

இவ்வெண்ணை உயர்த்துதற்கு உலகம் கொடுத்த விலை ஒன்றையும் குறிப்பிடுதல் தகும். 1921ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவிற் சார்ள்ஸ் கெற்றறிங் என்பாரின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய தோமஸ் மிட்ஜிலி, ஈயச் சேர்வையொன்றைச் சிறிதளவு கலப்பின் தட்டல் அடங்குதலைக் கண்டார். 1923இல் ஈயம் கலந்த பெற்றோல் விற்பனைக்கு வந்தது. பின்னர் உலகெங்கும் பரவியது. வண்டிப் புகையோடு வெளிவந்த ஈயம் சிறுவரின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யுமென்பது தெளிவான பின்னரே நாடுகள் ஒவ்வொன்றாக அதனைக் கைவிட்டன. இலங்கை 2002இற் கைவிட்டது. கடைசியாக அல்ஜீரியா 2021இற் கைவிட்டது. இன்று ஈயத்துக்குப் பதிலாக, சுத்திகரிப்பு ஆலையில் மூலக்கூறுகளைக் கிளைவிடவும் வளையமாகவுஞ் செய்தே எண்ணை உயர்த்துகின்றனர். இச்செய்முறைகளுக்குச் செலவு மிகுதி. 95 ஒக்டேன் பெற்றோலின் விலை உயர்ந்திருத்தற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே அதன் விலையுயர்வு வெறும் ஏமாற்றன்று. செய்தற்குச் செலவான பொருளே அது. அப்பொருள் நம் வண்டிக்கு வேண்டுவதா என்பதே வினா.

அவ்வினாவுக்கு விடை, வண்டி எந்நாட்டிற் பிறந்தது என்பதில் பெரும்பாலும் அடங்கும். இலங்கை வீதிகளில் ஓடும் வண்டிகளை மூன்று குழுவாகப் பிரிக்கலாம்.

முதலாவது குழு யப்பானியக் கார்கள். யப்பானிலே சாதாரணப் பெற்றோலுக்குத் தர விதி வேண்டும் ஒக்டேன் எண் 89 அல்லது அதற்கு மேல். உயர்தரப் பெற்றோலுக்கு 96 அல்லது அதற்கு மேல். பாவித்த நிலையில் அந்நாட்டிலிருந்து நம் நாட்டுக்கு வந்த சிறு கார்களிற் பெரும்பாலானவை சாதாரணப் பெற்றோலுக்கென அமைக்கப்பட்டவை. அவற்றுக்கு 92 என்பது போதியது மாத்திரமன்று. பிறந்த நாட்டிற் கிடைக்கும் ஆகக் குறைந்த அளவினும் மேலானது. ‘கலப்பின’ வண்டிகள் எனப்படும் பிரியஸ், அக்குவா முதலியவற்றின் நெருக்கல் விகிதம் பதின்மூன்றளவாக இருத்தலைக் கண்டு, அவற்றுக்கு உயர்ந்த ஒக்டேன் வேண்டுமெனச் சிலர் கருதுவர். அவ்வியந்திரங்களில் உள்வாங்கும் வால்வு பிந்தி மூடுதலால், உண்மையில் நெருக்கப்படுங் கலவையின் அளவு குறைகின்றது. ஆதலால் அவையும் சாதாரணப் பெற்றோலிலேயே ஓடுவன. விகிதத்தின் எண்ணை மாத்திரம் நோக்கி முடிவு செய்தல் கூடாதென்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இரண்டாவது குழு இந்திய மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் சிறு கார்களும். படுவான்கரையில் மிகுதியாகக் காணப்படுபவை இவையே. இந்தியாவின் சாதாரணப் பெற்றோல் 91 ஒக்டேன் எண்ணுடையதாக விதிக்கப்பட்டது. அந்நாட்டு வீதிகளுக்கென அமைந்த சாதாரண இயந்திரத்துக்கும் 92 போதியதாம்.

மூன்றாவது குழு ஐரோப்பியக் கார்கள். ஐரோப்பியத் தர விதியின்படி அங்கு விற்கப்படும் பெற்றோலின் ஒக்டேன் எண் 95இற் குறைதல் ஆகாது. எனவே அங்கு பிறந்த கார்கள், சிறப்பாகக் காற்றை அமுக்கிச் செலுத்தும் ‘டேர்போ’ பூட்டப்பட்டவை, 95ஐ எதிர்பார்த்து அமைந்தவை. இவற்றின் உரிமையாளர் விலை கருதி 92ஐ ஊற்றுதல் சிக்கனமாகாது. இக்காலக் கார்களிலே தட்டலைக் கேட்டறியும் ஒரு சிறு கருவி உண்டு. தட்டல் தொடங்கியதும் அது பொறி எழும் நேரத்தைச் சற்றுப் பிற்போடச் செய்து இயந்திரத்தைக் காக்கும். ஆயினும் அவ்வாறு பிற்போடும்போது ஆற்றல் குறையும். பெற்றோற் செலவு மிகும். மேடேறும்போதும் சுமை மிகும்போதும் இக்குறை புலப்படும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் உறவினர், தம் நாட்டில் 87 எண்ணே சாதாரணப் பெற்றோல் என்று எழுதுவதுண்டு. அதைக் கொண்டு நம் நாட்டுப் பெற்றோல் மிக உயர்ந்ததென எண்ணுதல் பிழை. ஒக்டேனை அளக்கும் முறைகள் இரண்டு. நாம் வழங்குவது எளிய நிலைமையில் அளந்த எண். அவர்கள் வழங்குவது எளிய நிலைமையிலும் கடுமையான நிலைமையிலும் அளந்த இரு எண்களின் சராசரி. அவர்களது 87, நம் அளவில் ஏறக்குறைய 91 அல்லது 92 ஆகும்.

இவ்வளவில், 95ஐ வேண்டாத வண்டிக்கு 95ஐ ஊற்றினால் யாதாகும் என்ற கேள்வி எழும். தீங்கு ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. வால்வு எரிந்துவிடும் என்று அஞ்சுதற்கும், வண்டி பறக்கும் என்று மகிழ்தற்கும் இடமில்லை. இரண்டையுங் கலந்து ஊற்றினாலும் கேடில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணுடைய பெற்றோல் தாங்கியில் இருக்கும், அவ்வளவே. அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2016ஆம் ஆண்டிலே சாதாரணப் பெற்றோலுக்கென அமைந்த கார்களில் இரு வகைப் பெற்றோலையும் இட்டுச் சோதித்து, உயர்விலைப் பெற்றோலாற் குறிப்பிடத்தக்க நன்மை இல்லையென வெளியிட்டது. அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழுவும் நுகர்வோர்க்கு இவ்வறிவுரையையே வழங்கியது.

இனி இரண்டாவது பொருளாகிய நிறுவனப் பெயரை ஆராய்வோம். சுதந்திரத்துக்குப் பின்னரும் சில காலம் இலங்கையின் பெற்றோல் வியாபாரம் ஷெல், கல்ரெக்ஸ், எஸ்ஸோ ஆகிய அந்நியக் கம்பனிகளின் கையிலிருந்தது. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் தாபிக்கப்பட்டது. அக்கம்பனிகளின் நிலையங்கள் பொறுப்பேற்கப்பட்டமையும், நட்டஈட்டுப் பிணக்கினால் 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியமையும் வரலாறு. 1964 முதல் உள்நாட்டு விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்துக்கே உரியதாயிற்று. 1969இற் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 2003இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் கிளையாகிய லங்கா ஐ.ஓ.சி. வந்தது. 2023இற் சீனாவின் சினோபெக் வந்தது. ஏறக்குறைய நாற்பதாண்டுக் காலம் ஒரே பெயரைக் கண்டு பழகிய நாட்டில் பல பெயர்கள் தோன்றியபோது, எது நல்லது என்ற விவாதமுந் தோன்றியது இயல்பே.

பெயர் வேறாயினும் பொருளின் அடிப்படை வேறன்று. பெற்றோல் உள்நாட்டு ஆலையில் வடித்தெடுக்கப்படுவதாயினும் கப்பலில் வந்திறங்குவதாயினும், எண்ணும் தரமும் விதிக்கப்பட்ட எல்லைக்குள் இருத்தல் வேண்டும். 2017 நவம்பரில் ஒரு கப்பற் பெற்றோல் தரங் குறைந்ததென்று நிராகரிக்கப்பட்டமையால் நாடெங்குந் தட்டுப்பாடு ஏற்பட்டமை நினைவிருக்கும். அன்று வரிசையில் நின்றோர் வருந்தினராயினும், சோதனை என்பது வெறுஞ் சடங்கன்று என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. மேலும் கொலன்னாவையிலும் முத்துராஜவெலயிலும் உள்ள பெருங் களஞ்சியங்களை நடத்துதற்கு அமைந்த கம்பனியில், பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு மூன்றில் இரண்டு பங்கும் லங்கா ஐ.ஓ.சி.க்கு மூன்றில் ஒரு பங்கும் அமைந்தன. போட்டியிடும் இரு பெயர்கள் ஒரே களஞ்சியத்தின் பங்காளிகளாக இருத்தல், பெயரைக் கொண்டே தரத்தை முடிவு செய்வோர் சிந்திக்க வேண்டியதொன்றாகும்.

ஆயினும் நிறுவனங்களுக்கிடையே வேற்றுமை எதுவுமில்லை என்று அடித்துக் கூறுதலும் தகாது. பெற்றோலுடன் சிறிதளவு துப்புரவுச் சேர்பொருள்களைக் கலத்தல் வழக்கம். இவை வால்விலும் பெற்றோல் பீச்சும் நுண்துளைகளிலும் படியும் கரியையும் பிசினையும் அகற்றுவன. மேற்கூறிய அமெரிக்கச் சங்கம் அதே 2016இல் நடத்திய வேறொரு சோதனையிலே, கார் உற்பத்தியாளர் சிலர் வகுத்த உயர்ந்த துப்புரவு விதிக்கமைந்த பெற்றோலோடு ஒப்பிடுகையில், அவ்விதிக்கு அமையாத பெற்றோல் பத்தொன்பது மடங்கு படிவை உண்டாக்கியதென அறியப்பட்டது. எனவே சேர்பொருள் என்பது உண்மையான நன்மை. ஆயின் அதற்கும் ஒக்டேன் எண்ணுக்குந் தொடர்பில்லை என்பதை மறத்தல் கூடாது. குறைந்த எண்ணுடைய பெற்றோலிலும் நல்ல சேர்பொருள் இருத்தல் கூடும். அதுபோலவே கந்தகத்தின் அளவும் வேறொரு குணம். இலங்கையில் 95 ஒக்டேன் பெற்றோல் ‘யூரோ 4’ என்ற தரப்பெயருடன் விற்கப்பட்டது. அப்பெயர் கந்தகம் குறைவென்பதைக் குறிக்கும். புகையைத் தூய்மையாக்குங் கருவி பூட்டிய கார்களுக்கும், நாம் மூச்சுவிடுங் காற்றுக்கும் அது நல்லது. ஆகையால் ஒருவர் 95ஐ விரும்பி வாங்கின் அவரைப் பரிகசித்தல் வேண்டியதில்லை. அவர் எதற்காகக் கொடுக்கின்றார் என்பதை அறிந்து கொடுத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, நம் பகுதிக்குச் சிறப்பாக உரிய ஆபத்தொன்றைக் கூறுதல் கடன். அது கலப்படம். எழுவான்கரைக் கடற்றொழிலாளரின் படகுகளில் மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்கள் உண்டு. அவை குறைந்த நெருக்கத்துக்கென அமைந்தவை. பெற்றோலிற் தொடங்கிச் சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடுவன. மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் பெற்றோலினதிலும் மிகமிகக் குறைந்தது. அதனைப் பெற்றோலிற் கலப்பின் எண் சரிந்துவிடும்; தட்டல் தோன்றும்; முற்றாக எரியாத பகுதி சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து மசகு எண்ணெயைக் கெடுக்கும்; பிளக்கிற் கரி படியும். 92க்கும் 95க்கும் இடையிலுள்ள மூன்றெண் வேற்றுமையைப் பற்றி விவாதிப்போர், கலப்படத்தால் இழக்கும் எண்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

கலப்படத்துக்குத் தூண்டுதல் விலை வேற்றுமையே. 2022ஆம் ஆண்டு யூன் 26ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. அப்போது மண்ணெண்ணெயின் விலை 87 ரூபா. அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்த்தப்படும்வரை, இவ்விடைவெளி நேர்மையற்றோர்க்கு ஒரு திறந்த வாசலாயிருந்தது. மண்ணெண்ணெய் உயர்ந்தமை கடற்றொழிலாளர்க்கும் விளக்கேற்றும் ஏழைக்கும் இடராயிற்று என்பதும் உண்மை. ஒரு பொருளின் விலையைத் தொட்டால் மற்றொரு பொருளின் தூய்மை அசைகின்றது என்பதை மாணவர் இதிலிருந்து அறியலாம்.

நிரப்பு நிலையம் தூரத்தில் உள்ள கிராமங்களிலே தெருவோரக் கடைகளிற் போத்தலில் பெற்றோல் விற்கப்படுதல் வழக்கம். அவசரத்துக்கு அது பேருதவியே. ஆயினும் அதன் எண் யாது, எத்தனை நாளாக வெயிலில் நின்றது, என்ன கலந்தது என்பவற்றை எவரும் அறியார். நெடுநாள் திறந்து மூடப்பட்ட பெற்றோலின் இலேசான பகுதிகள் ஆவியாகிப் போய்விடும். எஞ்சியதில் இயந்திரம் தொடங்குதல் அரிது. வடிதாளில் ஒரு துளி பெற்றோலை இட்டு, நெருப்பில்லாத காற்றோட்டமான இடத்தில் உலரவிட்டால், தூய பெற்றோல் விரைவில் மறைந்து கறையின்றி ஒழியும். மண்ணெண்ணெய் கலந்திருப்பின் எண்ணெய்க் கறை தங்கி நிற்கும். இஃது எளிய சோதனை. ஆயினும் கறையின்மை முழுத் தூய்மைக்குச் சான்றாகாது. கறையுண்மை கலப்புக்கு நல்ல எச்சரிக்கையாகும்.

இறுதியாகக் கணக்கொன்றைப் பார்ப்போம். 2022 யூனில் 92 ஒக்டேன் 470 ரூபா, 95 ஒக்டேன் 550 ரூபா. வேற்றுமை 80 ரூபா. 2025 ஏப்பிரல் இறுதியில் அறிவிக்கப்பட்ட விலைகள் முறையே 293 ரூபாவும் 341 ரூபாவும். வேற்றுமை 48 ரூபா. விலை எவ்வளவு ஏறி இறங்கினும், இரு வேளையும் வேற்றுமை நூற்றுக்குப் பதினாறு பதினேழு வீதமளவில் நின்றதைக் காண்க. மாதம் 20 லீற்றர் பாவிக்கும் ஒருவர் பின்னைய விலையில் 95ஐ வாங்கின், மாதம் 960 ரூபாவும் ஆண்டுக்கு 11,520 ரூபாவும் கூடுதலாகக் கொடுப்பார். இக்கொடுப்பனவு வீண்போகாதிருக்க வேண்டுமாயின், லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் அவரது மோட்டார் சைக்கிள் 52 கிலோமீற்றருக்கு மேல் ஓடுதல் வேண்டும். அவ்வாறு ஓடுகின்றதா என்பதை அறிய விஞ்ஞானியாக வேண்டியதில்லை. தாங்கியை விளிம்புவரை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுமுறை விளிம்புவரை நிரப்பச் சென்ற அளவாற் பிரித்தால் விடை கிடைக்கும். ஒரு முறை செய்தது போதாது. ஒவ்வொரு வகைக்கும் ஐந்தாறு முறையேனும், அதே பாதையில், அதே சுமையுடன், சில்லுகளில் அதே காற்றழுத்தத்துடன் செய்து சராசரி காணல் வேண்டும். நம் பாடசாலை மாணவர் இதனை ஒரு செய்முறை ஆராய்ச்சியாக மேற்கொள்ளின், நூலிற் படிக்குஞ் சராசரியும் வழுவும் வீதியில் உயிர்பெற்று விளங்கும்.

அந்தப் 11,520 ரூபாவைக் காலத்துக்குக் காலம் மசகெண்ணெய் மாற்றுதற்கும், காற்று வடியைத் துப்புரவு செய்தற்கும், பழைய பிளக்கை நீக்குதற்கும், சில்லுகளை ஒழுங்காக வைத்தற்கும் செலவிடின் இயந்திரத்தின் ஆயுள் உண்மையில் நீளும். செம்மண் வீதியிலும் வயல் வரம்பிலும் ஓடும் வண்டிக்குத் தூசி செய்யுங் கேடு, மூன்று ஒக்டேன் எண்களின் குறைவு செய்யுங் கேட்டினும் பன்மடங்கு பெரிது.

இதுகாறுங் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். உற்பத்தியாளர் தம் கைநூலிலோ தாங்கி மூடியின் உட்புறத்திலோ குறித்த எண்ணே அவ்வண்டிக்குரிய எண். அதனிற் குறைதல் கேடு. அதனின் மிகுதல் வீண். நிறுவனத்தின் பெயரினும், சனப்புழக்கம் உள்ளதும் நம்பிக்கைக்குரியதுமான நிரப்பு நிலையமே முதன்மையானது. கலப்படத்தை அஞ்சுக; குறைந்த விலையை அஞ்ச வேண்டா.

விலை என்பது பொருளைச் செய்தவனின் செலவையும் விற்பவனின் விருப்பத்தையுங் கூறும். வாங்குவோனின் தேவையைக் கூறாது. தேவையை அறிந்துகொள்ளுதல் வாங்குவோனின் கடன். பாடசாலைகளில் இரசாயனமும் பௌதிகமும் கற்பிக்கப்படுவது பரீட்சையில் விடையெழுதுதற்கு மாத்திரமன்று. எண்ணொன்றைக் கண்டவுடன் அஃது எதனை அளக்கின்றது என்று வினவும் பழக்கம் உண்டாதற்காகவுமாம். அப்பழக்கம் கைவந்த பிள்ளை, பெற்றோல் நிலையத்தில் மாத்திரமன்றி, உரக் கடையிலும் மருந்துக் கடையிலுந் தன் தந்தையின் காசைக் காத்துக்கொடுக்கும்.